கொரங்காட்டில் மேயும் கறவை மாட்டுக்கு அடர்தீவனம்: எவ்வளவு, எப்போது, எந்தக் கலவை

பங்குனி மாதம் சொசைட்டியில் பால் ஊற்றப் போனால் எல்லார் வாயிலும் ஒரே பேச்சுதான்: "டிகிரி வரலைங்க." கருவியில் பார்க்கும் பாலின் அடர்த்தி குறைவு என்று அர்த்தம். கொழுப்பு நன்றாக இருக்கும், எஸ்என்எஃப், அதாவது கொழுப்பும் தண்ணீரும் போகப் பாலில் மிச்சமிருக்கும் திடச்சத்து, மட்டும் 8.2 சதவீதத்தைத் தொடாது. தண்ணீர் ஊற்றியதாகச் சந்தேகப்படுவார்கள். ஊற்றாதவருக்குக் கோபம் வரும். பல வீடுகளில் தண்ணீர் காரணமே இல்லை. மாட்டுக்கு எரிசக்தி போதவில்லை என்பதைத்தான் பால் சொல்கிறது. எரிசக்தி குறைந்தால் பாலில் புரதம் குறையும், புரதம் குறைந்தால் எஸ்என்எஃப் இறங்கும். மாடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்து மடிக்கு அனுப்புவதால் பாலின் கொழுப்பு மட்டும் நன்றாகத் தெரியும்.

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், கரூர் பக்கத்துக் கொரங்காட்டில் ஜெர்சிக் கலப்பு மாடு வைத்திருப்பவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கொரங்காடு என்றால் கிளுவை வேலி, கொழுக்கட்டைப்புல், நடுவில் வெள்வேல மரங்கள் உள்ள மானாவாரி மேய்ச்சல் நிலம். வேறு ஊர்க்காரருக்கும் கணக்கு இதேதான், புல்லின் பெயர் மட்டும் மாறும். நாட்டு மாடு வைத்து இரண்டு மூன்று லிட்டர் கறப்பவருக்கு இவ்வளவு கணக்குத் தேவையில்லை. அந்த மாட்டுக்குக் காடும் உலர்ந்த சோளத்தட்டும் ஒரு கிலோ கலவையும் போதும்.

வருடம் முழுக்க ஒரே மூட்டையை ஒரே அளவில் வைக்கும் பழக்கம் மேய்ச்சல் மாட்டுக்கு ஒத்துவராது என்பதுதான் என் அனுபவம். காடு ஐப்பசியில் கொடுப்பது வேறு, பங்குனியில் கொடுப்பது வேறு. தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்ததுதான் அடர்தீவனம்; காடு விட்ட இடத்தை நிரப்புவதுதான் அதன் வேலை. அதனால் எது விட்டுப்போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

1. மாட்டின் எடையைத் தெரிந்துகொள்ளுங்கள்

எடை மேடை வேண்டாம், தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி எத்தனை அங்குலம் என்று எடுங்கள். அடுத்துத் தோள் முனையிலிருந்து பின்பக்க எலும்பு முனை வரை நீளம். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ வந்துவிடும். சுற்றளவு 66, நீளம் 60 என்றால் 396 கிலோ. காலையில் தண்ணீர் காட்டுவதற்கு முன் அளந்தால் கணக்கு அதிகம் பிசகாது.

பாலையும் அளந்து எழுதுங்கள். "சுமார் பத்து லிட்டர்" என்று வாயில் சொல்வது நோட்டில் எழுதும்போது எட்டரை ஆகிவிடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

2. காடு என்ன கொடுக்கிறது என்று பாருங்கள்

400 கிலோ எடையுள்ள மாடு நாளுக்கு உலர்பொருளாக 10 முதல் 12 கிலோ வரை தின்னும். உலர்பொருள் என்றால் தீவனத்தில் தண்ணீர் போக மிச்சம் இருப்பது. ஐப்பசி மழைக்குப் பின் கொழுக்கட்டைப்புல் தழைத்து நிற்கும்போது மாடு 40 கிலோ பச்சை மேய்ந்தாலும், அதில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். உலர்பொருளாக 8 கிலோதான்.

இதனால்தான் மழை பெய்து பச்சை கண்டதும் தீவனத்தை ஒரேயடியாக நிறுத்துபவர் ஏமாந்துபோகிறார். மாட்டின் வயிறு முட்டத் தெரியும், சாணம் கழியும், பால் இரண்டு நாள் ஏறி, பிறகு இறங்கும். இளம்புல்லில் புரதம் இருக்கிறது, ஆனால் எரிசக்தி உடம்பு கேட்கும் அளவுக்கு இல்லை. முதல் இரண்டு வாரம் காட்டுக்கு ஓட்டும் முன் ஒரு கட்டு சோளத்தட்டு போட்டால் கழிச்சல் குறையும்.

மாசி, பங்குனியில் கதை வேறு. புல் காய்ந்து காம்பாகிவிடும். புரதம் 4, 5 சதவீதத்துக்கு இறங்கும். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. மாட்டின் முதல் வயிற்றில் நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்களுக்கும் சாப்பாடு வேண்டும். தின்னும் தீவனம் முழுவதிலும் சேர்த்துப் புரதம் ஏழு சதவீதத்துக்குக் கீழே போனால் அவை சோர்ந்துவிடும், வயிற்றில் உள்ள புல் சீக்கிரம் வெளியேறாது, மாடு மேய்வதைக் குறைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் மக்காச்சோளத்தை மட்டும் கூட்டிப் பயனில்லை. முதலில் புரதம் நிறைந்த புண்ணாக்கு, கடலைக்கொடி, வேலிமசால், சவுண்டல் தழை ஏதாவது ஒன்று உள்ளே போக வேண்டும். அப்புறம்தான் தானியம் வேலை செய்யும். கோடையில் உதிரும் வெள்வேலங்காயைக் கூட்டிப் பெருக்கி வைப்பது ஆட்டுக்காரர் வழக்கம், மாட்டுக்காரரும் அதைக் கற்றுக்கொள்ளலாம்.

3. பற்றாக்குறையைக் கணக்குப் போடுங்கள்

தீவனத்தின் எரிசக்தியை மொத்தச் செரிமானச் சத்து என்ற அளவில் சொல்வார்கள், டிடிஎன் என்று சுருக்கமாக. 400 கிலோ மாடு சும்மா நிற்கவே நாளுக்கு 3.1 கிலோ டிடிஎன் வேண்டும். காட்டில் நடந்து மேய்வதால் இன்னும் அரை கிலோவுக்கு மேல், ஆக 3.7. நாலு சதவீதக் கொழுப்புள்ள பால் ஒரு லிட்டருக்கு 0.32 கிலோ. பத்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கு மொத்தம் 6.9 கிலோ.

பச்சைக் காலத்தில் 8 கிலோ உலர்பொருளில் 55 சதவீதம் செரித்தால் 4.4 கிலோ கிடைக்கும். அதாவது உடம்புக்கும் முதல் இரண்டு லிட்டர் பாலுக்கும் காடே கொடுத்துவிடுகிறது. மிச்சம் 2.5 கிலோ. நல்ல கலவையில் கிலோவுக்கு 0.7 கிலோ டிடிஎன் இருக்கும் என்பதால் 3.6 கிலோ கலவை போதும்.

"உடம்புக்கு ஒன்றரை இரண்டு கிலோ, அதற்கு மேல் இரண்டரை லிட்டருக்கு ஒரு கிலோ" என்ற பொதுக் கணக்கை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். அதன்படி ஐந்தரை, ஆறு கிலோ வைக்க வேண்டும். வைக்கோலும் கொஞ்சம் பச்சையும் தின்று கட்டுத்தரையிலேயே நிற்கும் மாட்டுக்கு அது சரி. நல்ல பச்சையில் மேயும் மாட்டுக்கு அது வீண் செலவு.

கோடைக்கு இதே மாட்டை எடுத்துக்கொள்வோம். காய்ந்த காட்டில் 5 கிலோ உலர்பொருள்தான் மேயும், அதில் 45 சதவீதம் என்றால் 2.25 கிலோ. உடம்புக்கே பற்றாது. இந்தக் குறையை முழுக்க அடர்தீவனத்தால் ஈடுகட்டப் பார்த்தால் ஆறரை கிலோவுக்கு மேல் வைக்க வேண்டிவரும். பணமும் போகும், வயிறும் புளிக்கும். அதனால் மூன்றரை கிலோ உலர்ந்த சோளத்தட்டு அல்லது கம்பந்தட்டை நறுக்கிப் போடுங்கள். அது ஒன்றே முக்கால் கிலோ டிடிஎன் கொடுக்கும். மிச்சம் 2.9 கிலோவுக்கு 4.1 கிலோ கலவை.

புரதத்தையும் ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும். உடம்புக்கு 320 கிராம், பாலுக்கு லிட்டருக்கு 90 கிராம், பத்து லிட்டருக்கு மொத்தம் 1,220 கிராம். பச்சைக் காலத்தில் காடு 640 கிராம் கொடுத்துவிடும், மிச்சம் 580 கிராமை 3.6 கிலோ கலவையில் எடுக்க 16 சதவீதப் புரதம் போதும். கோடையில் காடும் தட்டும் சேர்ந்தே 365 கிராம்தான். மிச்சம் 855 கிராமை 4.1 கிலோவில் எடுக்க வேண்டும் என்றால் கலவையில் 21 சதவீதம் இருக்க வேண்டும். ஒரே மூட்டை ஏன் ஆகாது என்பது இந்த இரண்டு எண்ணிலேயே தெரிந்துவிடும்.

4. கலவை

பச்சைக் காலத்துக்கு 100 கிலோவில்: மக்காச்சோளம் 40, கோதுமைத் தவிடு 20, எண்ணெய் எடுத்த அரிசித் தவிடு 12, கடலைப் புண்ணாக்கு 15, உளுந்துப் பொட்டு 10, தாது உப்புக் கலவை 2, சாதா உப்பு 1.

கோடைக்கு: மக்காச்சோளம் 35, கடலைப் புண்ணாக்கு 24, எள்ளுப் புண்ணாக்கு 10, கோதுமைத் தவிடு 18, உளுந்துப் பொட்டு 10, தாது உப்பு 2, சாதா உப்பு 1.

மக்காச்சோளம் விலை ஏறும்போது அதில் ஒரு பங்கைக் கம்பு, வெள்ளைச்சோளம் கொண்டு மாற்றலாம். கம்பில் புரதம் கொஞ்சம் கூடுதல். சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளில் மாவு எடுத்த பின் மிஞ்சும் சக்கையான மரவள்ளித் திப்பி மலிவு. அதில் மாவுச்சத்து உண்டு, புரதம் அறவே இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த திப்பியாக நூற்றுக்கு பதினைந்துக்குள் நிறுத்தி, அந்த அளவுக்குப் புண்ணாக்கைச் சற்றுக் கூட்டுங்கள். ஈரத் திப்பியை மூன்று நாள் குவித்து வைத்துப் புளித்த வாடையோடு போடுபவர்கள் உண்டு, நான் அதைத் தொடுவதில்லை.

மக்காச்சோளம் மாவாக வேண்டாம். மூன்று நாலு துண்டாக உடைந்த ரவைப் பதம் போதும். மாவாக அரைத்தால் வயிற்றில் சடாரென்று புளிக்கும், முழுசாகப் போட்டால் சாணத்தில் அப்படியே வந்துவிடும். ஒரு கை சாணத்தைச் சல்லடையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பார்த்தால் எவ்வளவு காசு வெளியே போகிறது என்று தெரியும்.

ஈரம் முக்கியம். மக்காச்சோளம் 12 சதவீத ஈரத்துக்குக் கீழே காய வேண்டும், பல்லில் கடித்தால் கடக்கென்று உடைய வேண்டும். ஈரமான சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் பூஞ்சை பிடித்தால் அஃப்லாடாக்சின் நஞ்சு வரும். அது பாலிலும் இறங்கும். பாலில் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு. சந்தேகமான சரக்கென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உள்ள தீவனப் பரிசோதனைக் கூடத்துக்கு மாதிரி கொடுத்துப் பார்க்கலாம். மூட்டையைத் தரையில் வைக்காமல் மரக்கட்டை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள்.

வேலிமசால் அரை ஏக்கர் போட முடிந்தால் புண்ணாக்குச் செலவு கண்ணுக்குத் தெரியக் குறையும். ஐந்து கிலோ பச்சை வேலிமசாலில் இருக்கும் புரதம் சுமார் 600 கிராம் கடலைப் புண்ணாக்குக்குச் சமம். தண்ணீர் இல்லாத காட்டில் முயல்மசால் என்ற தீவனப் பயிரை மழைக்கு முன் புல்லோடு சேர்த்து விதைக்கலாம்.

5. எடைபோட்டு வையுங்கள்

இங்கேதான் பெரும்பாலானவர் தவறுகிறார்கள். ஒரு லிட்டர் மக்கில் மக்காச்சோள ரவை முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும். அதே மக்கில் கோதுமைத் தவிடு கால் கிலோதான். "நாலு மக்கு வைக்கிறேன்" என்பதற்கு அர்த்தமே இல்லை. கலந்த தீவனத்தை ஒரு முறை தராசில் போட்டு, மக்கில் கோடு கிழித்துக்கொள்ளுங்கள். கலவை மாறும்போது கோடும் மாற வேண்டும்.

6. எப்போது, எந்த வரிசையில்

ஒரு வேளைக்கு இரண்டரை கிலோவுக்கு மேல் வைக்காதீர்கள். பத்து லிட்டர் மாட்டுக்கு இரண்டு வேளை போதும். பதினைந்து லிட்டர் மாட்டுக்குப் பச்சைக் காலத்திலேயே ஆறு கிலோ தேவைப்படும், அதை மூன்றாகப் பிரியுங்கள்.

காலையில் கறந்ததும் முழுக் கலவையையும் கொட்டிவிட்டுக் காட்டுக்கு ஓட்டினால், மாடு வெள்வேல மர நிழலில் போய் நின்றுகொள்ளும். ஒரு கிலோ தானியம் வைத்தால் மாடு அரை கிலோ அளவுக்குப் புல்லைக் குறைத்துக்கொள்ளும் என்று தோராயமாகச் சொல்லலாம். நல்ல புல் இருக்கும்போது இந்த இழப்பு அதிகம், காய்ந்த காலத்தில் குறைவு. அதனால் பச்சை இருக்கும் மாதங்களில் காலையில் ஒரு பங்கு, மாலையில் மேய்ந்து வந்த பின் இரண்டு பங்கு என்று வைக்கிறேன். மாலையில் முதலில் கொஞ்சம் தட்டு, அது அசை போடத் தொடங்கியதும் கலவை. வெறும் வயிற்றில் தானியம் வைப்பதுதான் எல்லாத் தொல்லைக்கும் ஆரம்பம்.

நம் பக்கத்தில் தவிட்டுத் தண்ணீராகக் கலக்கிக் காட்டும் வழக்கம் இருக்கிறது. மாடு மடமடவென்று குடித்துவிடும், மெல்லாது, எச்சில் சுரக்காது. வயிற்றில் புளிப்பை அடக்குவது அந்த எச்சில்தான். கலவை புட்டுமாவுப் பதத்துக்கு நனைந்தால் போதும், தண்ணீரைத் தனியாகத் தொட்டியில் வையுங்கள். ஒரு லிட்டர் பாலுக்கு நாலைந்து லிட்டர் தண்ணீர் வீதம் மாடு குடிக்கும். தொட்டி வற்றியிருந்தால் எந்தக் கலவையும் பால் ஆகாது.

கோடையில் விடியலிலும் பொழுது சாய்ந்தும் மேய விடுங்கள். நடுப்பகலில் மூச்சிரைக்கும் மாடு தீவனத்தைத் தொடாது, கலவையை அந்த நேரத்தில் வைத்து ஈ மொய்க்க விட வேண்டாம்.

7. கன்று ஈனும் முன்னும் பின்னும்

ஈனுவதற்கு மூன்று வாரம் முன் ஒரு கிலோவில் தொடங்கி இரண்டரை கிலோவரை மெதுவாக ஏற்றுங்கள். தானியத்தைச் செரிக்க முதல் வயிறு பழகுவதற்கு அந்த நாட்கள் வேண்டும். ஈன்ற அன்றே ஆறு கிலோ வைத்தால் சீம்பால் நிற்பதற்குள் மாடு தீவனத்தை வெறுக்கும். இரண்டரை கிலோவிலேயே நிறுத்தி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை முன்னூறு, நானூறு கிராம் கூட்டி, மூன்று வாரத்தில் முழு அளவுக்கு வாருங்கள்.

பால் ஆறு முதல் எட்டு வாரத்தில் உச்சிக்குப் போகும், தின்னும் அளவு அதற்குப் பின்னால்தான் ஏறும். நடுவில் மாடு இளைக்கத்தான் செய்யும். முதுகெலும்பு கத்தி போல் நீட்டி, வால் பக்கம் குழி விழுந்தால் அது அளவு மீறிய இளைப்பு. அந்த மாடு பருவத்துக்கு வராது, வந்தாலும் ஊசி நிற்காது. இரண்டு மூன்று முறை சினை ஊசி போட்டும் நிற்காத மாட்டுக்குத் தாது உப்பு வாங்கிக் கொடுப்பவர்கள் முதலில் தீவனத்தை எடைபோட்டுப் பார்க்கட்டும். மாட்டின் மூச்சில் நகப்பாலிஷ் அழிப்பான் போல இனிப்பு வாடை அடித்து, கலவையை ஒதுக்கித் தட்டை மட்டும் தின்றால் அது கீட்டோசிஸ், எரிசக்தி போதாமல் உடம்புக் கொழுப்பு அளவு மீறிக் கரைவதால் வரும் நோய். மருத்துவரை அழைக்க வேண்டும்.

பதினைந்து லிட்டருக்கு மேல் கறக்கும் மாட்டுக்கு முதல் மூன்று மாதம் நாளுக்கு 100 முதல் 150 கிராம் பைபாஸ் கொழுப்பு, அதாவது முதல் வயிற்றில் கரையாமல் கடந்து போகும் கொழுப்பு, கொடுக்கலாம். பத்து லிட்டர் மாட்டுக்கு அது தேவையற்ற செலவு. கடைக்காரர் தருகிறார் என்பதற்காக வாங்க வேண்டாம்.

8. அரை கிலோ சோதனை

கணக்கு எவ்வளவு போட்டாலும் மாட்டுக்கு மாடு மாறும். முழு அளவுக்கு வந்தபின் அரை கிலோ கூட்டி ஐந்து நாள் பால் அளந்து எழுதுங்கள். கலவை கிலோ 28 ரூபாய், பால் லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தால், அந்த அரை கிலோவுக்கு 14 ரூபாய். 400 மில்லி பால் ஏறினால்தான் கணக்கு நேராகும். அரை லிட்டர் ஏறினால் வையுங்கள், இருநூறு மில்லி என்றால் எடுத்துவிடுங்கள். பசியோடிருந்த மாட்டில் முதல் கிலோ ஒன்றரை லிட்டர்கூடக் கொடுக்கும். ஐந்தாவது கிலோ அரை லிட்டர்கூடத் தராது. மாடு இளைத்திருந்தால் மட்டும் இந்தச் சோதனையை நம்பாதீர்கள், கூட்டியது முதலில் உடம்புக்குத்தான் போகும்.

சொசைட்டிச் சீட்டையும் சேர்த்துப் படியுங்கள். கொழுப்பு இருந்து எஸ்என்எஃப் குறைந்தால் எரிசக்தி போதவில்லை. எஸ்என்எஃப் இருந்து கொழுப்பு இறங்கி, சாணம் நுரை கட்டிக் கழிந்தால் தானியம் அதிகம், நார் குறைவு. இரண்டும் இறங்கினால் மடியை மருத்துவரிடம் காட்டுங்கள், மடிவீக்கம் உள்ளுக்குள் இருக்கலாம்.

தவறிப்போனால்

ஒருமுறை உறவுக்காரர் கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை அண்டாவோடு கொண்டுவந்து கொட்டினார்கள். எங்கள் நல்ல கறவை ஒன்று நாலைந்து கிலோ தின்றிருக்கும். மறுநாள் காலை அசை போடவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது, சாணம் தண்ணியாகப் புளித்த நாற்றத்தோடு போனது, சாயங்காலம் எழ முடியவில்லை. மருத்துவர் வந்து ஊசியும் குளுக்கோஸும் ஏற்றிக் காப்பாற்றினார். ஆனால் அந்த ஈத்து முழுக்கப் பால் பழைய அளவுக்கு வரவில்லை. சோறு, பொங்கல், ரேஷன் அரிசிக் கஞ்சி எல்லாம் மாவுச்சத்துதான், மக்காச்சோளத்தைவிட வேகமாகப் புளிக்கும். அப்படித் தின்றது தெரிந்தால் அன்று கலவையை நிறுத்தி உலர்ந்த தட்டு மட்டும் போட்டு, காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கு 1962.

எந்தக் கலவை மாற்றத்தையும் பத்து நாளில் செய்யுங்கள்: பழையது முக்கால், புதியது கால், பிறகு பாதிக்குப் பாதி. தானியம் அதிகம் தின்னும் மாட்டுக்குக் கலவையில் நூற்றுக்கு ஒரு கிலோ சமையல் சோடா சேர்ப்பது நல்லது. மேய்ந்து வந்து படுத்திருக்கும் பத்து மாட்டில் ஆறாவது அசை போட வேண்டும். அதற்குக் குறைந்தால் தட்டைக் கூட்டுங்கள். காய்ந்த காட்டில் திடீர் மழைக்குப் பின் அறுத்த சோளத் தாளில் மறுதளிர் விட்டிருந்தால் அது பூ எடுக்கும்வரை மாட்டை விடாதீர்கள், சயனைடு நஞ்சு உண்டு. புரதத்துக்காகத் தீவனத்தில் யூரியாவைக் கண்ணளவில் தூவுவது வேண்டவே வேண்டாம்.

பால் குறைந்து ஐந்து லிட்டருக்கு வந்துவிட்ட சினை மாட்டுக்கு, பச்சை இருக்கும் மாதமென்றால் ஒன்றரை கிலோ கலவை போதும். ஏழாம் மாதச் சினையில் அதற்கு மேல் ஒரு கிலோ. ஈனுவதற்கு அறுபது நாள் முன் பாலை வற்ற விடும்போது கலவையை நாலைந்து நாள் முழுக்க நிறுத்தித் தட்டும் தண்ணீரும் மட்டும் கொடுத்தால் மடி சீக்கிரம் வற்றும். பிறகு சினைக்காக ஒரு கிலோவில் தொடங்கலாம்.